நாமே படைத்துக்கொண்ட தெய்வங்கள்: உங்களுக்கு நேர்ந்தது என்ன?

இழையைத் தொடங்கியவர்

மெய்ப்புப் பார்ப்பது என் தொழில். பதினெட்டு ஆண்டுகளாகப் பிறர் எழுத்தில் விடுபட்ட ஒற்றுகளையும் இடம்மாறிய துணைக்கால்களையும் தேடிக்கொண்டிருக்கும் ஒருத்திக்குத் தெய்வம் படைக்கும் எண்ணம் எப்படி வந்தது என்றால், அது ஓர் எழுத்துப் பயிற்சியில் விளையாட்டாகத் தொடங்கியது. "உங்களுக்கு மட்டும் உரிய ஒரு தெய்வத்தைப் படையுங்கள், அதற்கு உருவம், பெயர், சினம், படையல் ஆகிய நான்கும் இருக்க வேண்டும்" என்று பணித்தார்கள்.

முதலில் துல்லியத்துக்கு ஒரு தேவியைப் படைத்தேன். வெண்ணிற ஆடை, ஒரு கையில் உருப்பெருக்கி, மறு கையில் சிவப்பு மை. பார்ப்பதற்கு அழகாகத்தான் இருந்தாள். ஒரே வாரத்தில் மறந்துபோனேன். அவளிடம் கேட்பதற்கு என்னிடமும் எதுவும் இல்லை, என்னிடம் கேட்பதற்கு அவளிடமும் எதுவும் இல்லை.

இரண்டாமவள் அழைக்காமலேயே வந்தாள். நான்கு முறை படித்துக் கையொப்பமிட்டு அனுப்பிய நூல் ஒன்று அச்சாகி வந்த நாளில், பிரித்த முதல் பக்கத்திலேயே, அதுவும் தலைப்பிலேயே, ஒரு பிழை நின்றது. நான்கு முறையும் கண்ணில் படாத அது, திருத்த வழியில்லாமல் போன பிறகு முதல் பார்வையிலேயே பட்டது. அதை பார்த்து உறைந்து உட்கார்ந்திருந்தபோது, முகத்தில் கண்ணே இல்லாமல் பிடரியில் மட்டும் இரு கண்களைக் கொண்ட ஒருத்தி என்னைக் கடந்து செல்வதாகத் தோன்றியது. நடந்து முடித்த வழியை மட்டுமே அவளால் காண முடியும். பின்கண்ணி என்று பெயரிட்டேன். ஆறு ஆண்டுகளாக உடன் இருக்கிறாள். உருவமும் பெயரும் சினமும் உடனே அமைந்துவிட்டன. அவளுக்கு என்ன படைப்பது என்பது மட்டும் இன்றுவரை பிடிபடவில்லை.

பிழைக்கு ஓர் உருவம் கொடுத்த முதல் ஆள் நான் அல்லேன். இடைக்கால ஐரோப்பாவில் டிட்டிவில்லஸ் என்றொரு குட்டிச்சாத்தானைப் பற்றிப் பேசினார்கள். வழிபாட்டின்போது துறவிகள் மென்று விழுங்கிய அசைகளைப் பொறுக்கி மூட்டையாகக் கட்டி, தீர்ப்பு நாளில் எடுத்துக்காட்டுவதற்காகச் சேர்த்துவைப்பது அதன் வேலை. ஏடு படியெடுப்போர் செய்த பிழைகளையும் பிற்காலத்தில் அதன் தலையிலேயே கட்டினார்கள். இன்னும் நெருக்கமான சான்று நம் சொற்களிலேயே இருக்கிறது. அணங்கு என்னும் சொல்லுக்கு வருத்தம், அச்சம், தெய்வம் என்னும் பொருள்கள் அகராதியில் அடுத்தடுத்து நிற்கின்றன. சூர் என்பதற்கும் அச்சம் என்றும் அஞ்சத்தக்க தெய்வம் என்றும் பொருள் உண்டு. மிரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்கிறோம். தெய்வத்தை ஏன் விட்டுவிட்டோம் என்று சில நேரம் எண்ணுவேன்.

நான் போற்றும் பண்புக்காகப் படைத்தவள் ஒரு வாரம் நிற்கவில்லை. நான் அஞ்சுவதிலிருந்து எழுந்தவள் போகவே இல்லை. எல்லோருக்கும் இப்படித்தானா என்று அறிய விரும்புகிறேன். நம்பிக்கை உண்டா இல்லையா என்னும் வழக்கு இங்கே வேண்டாம். படைத்தீர்களா, பின்னர் என்ன ஆயிற்று என்பதை மட்டும் எழுதினால் போதும்.

இரவுப் பணிச் செவிலியர்

தீவிர சிகிச்சைப் பிரிவில் கருவிகள் ஓயாமல் ஒலித்துக்கொண்டே இருக்கும். அவ்வொலிகளில் பெரும்பகுதி பொய்யானது. நோயாளி புரண்டு படுத்தாலும் விரலில் மாட்டிய உணரி நழுவினாலும் கருவி அலறும். நாளடைவில் காது அதைக் கேட்க மறுக்கத் தொடங்கும். எனக்கு அலறும் கருவியைப் பற்றிய அச்சம் ஒருபோதும் இருந்ததில்லை. அலற வேண்டிய நேரத்தில் அலறாத கருவியும், அலறியும் என் காதில் விழாத ஒலியுமே அச்சமூட்டின.

பணியில் சேர்ந்த இரண்டாம் ஆண்டில் மூச்செண்ணி வந்தாள். கட்டிலின் கால்மாட்டில் அமர்ந்து, விரல்களை மடக்கி மடக்கி நோயாளியின் மூச்சை எண்ணும் ஒரு கிழவி. வாய் கிடையாது. ஓய்விலிருக்கும் பெரியவர் ஒருவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுவார். அவ்வெண்ணிக்கையை அவளோடு சேர்ந்து ஒரு முழு நிமிடம் எண்ணினால் என் கை நடுக்கம் நின்றுவிடும். திரையில் எண் தெரியும்போதே கையால் எண்ணுகிறாயே என்று உடன் பணிபுரிவோர் சிரிப்பார்கள். எனக்கு அது பணியாகவும் இருந்தது, தொழுகையாகவும் இருந்தது.

அவளைக் கருணையின் தெய்வம் என்றே பல ஆண்டுகள் நம்பியிருந்தேன். பிறகு ஒரு விடியற்காலையில், நான் கவனித்துவந்த முதியவர் ஒருவர் இறந்துபோனார். தவறு யாரிடமும் இல்லை, எதிர்பார்த்த மரணம்தான். ஆனாலும் அடுத்த கணத்தில் நான் செய்த முதல் செயல், அவர் கண்ணை மூடிவிடுவதாக இருக்கவில்லை. குறிப்பேட்டில் கடைசி ஒரு மணி நேரப் பதிவுகள் விடுபடாமல் இருக்கின்றனவா என்று பார்த்தேன். அப்போதுதான் மூச்செண்ணி ஒருநாளும் எந்த நோயாளியின் கையையும் பிடித்ததில்லை என்பது உறைத்தது. அவள் காத்தது அவர்களை அன்று. "நீ பார்க்கவில்லையா?" என்று நாளை யாரோ கேட்கப்போகும் கேள்வியிலிருந்து அவள் என்னைக் காத்துக்கொண்டிருந்தாள்.

பண்டைய உரோமர்கள் ஃபெப்ரிஸ் என்னும் பெயரில் காய்ச்சலுக்கே கோயில்கள் எழுப்பியிருந்தார்கள் என்றும், அவற்றுள் ஒன்று பாலட்டைன் குன்றில் இருந்தது என்றும் படித்திருக்கிறேன். நோயுற்றோர் உடலில் கட்டியிருந்த மருந்துகளை அங்கே கொண்டுபோய் வைப்பார்களாம். நலம் தருபவளை விட்டுவிட்டுக் காய்ச்சலையே தேவியாக்கி, அதிகம் தீங்கு செய்யாதே என்று வேண்டிய அம்மனிதர்களின் நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது. நான் அச்சத்துக்குக் கருணை என்று பெயர் வைத்திருந்தேன்.

மூச்செண்ணி இன்னும் வருகிறாள். எண்ணி முடித்ததும் நோயாளியின் கையை ஒருமுறை நானே பிடித்துவிட்டு நகர்கிறேன். அவளுக்கு அதில் அக்கறை இருப்பதாகத் தெரியவில்லை.

நம்பிக்கை இல்லாத ஒருவர்

மேலே சகோதரி எழுதியதைப் படித்த பின், நான் எழுதி வைத்திருந்த கிண்டலை அழித்துவிட்டேன்.

எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. செனோஃபனீஸ் என்னும் கிரேக்கர் ஏறத்தாழ 2,500 ஆண்டுகளுக்கு முன்பே, எத்தியோப்பியரின் தெய்வங்கள் கரிய நிறமும் சப்பை மூக்கும் கொண்டிருப்பதையும் திரேசியரின் தெய்வங்கள் நீலக் கண்ணும் செந்நிற முடியும் கொண்டிருப்பதையும் சுட்டிக்காட்டி, மாட்டுக்கும் குதிரைக்கும் கைகள் இருந்து வரையவும் தெரிந்தால் அவையும் தத்தம் உருவிலேயே தெய்வங்களை வரையும் என்று சொன்னார். 1841இல் லுட்விக் ஃபாயர்பாக், மனிதன் தன் இயல்பையே தனக்கு வெளியே நிறுத்தி வணங்குகிறான் என்று ஒரு தத்துவமாகவே இதை விரித்தார். இவற்றைப் பிறர் மேல் ஏவிப் பழகிய நான், ஒருமுறையாவது என் மேல் ஏவிப் பார்ப்போம் என்று, ஒரு குறிப்பேட்டை வாங்கி, எனக்கென ஒரு தெய்வத்தைப் படைத்து, அவர் இடும் கட்டளைகளை நாளிட்டு எழுதத் தொடங்கினேன். பெயர் தாழ்க்கோலான், மூடிய கதவுக்கு உட்புறம் நிற்பவர்.

நான் மென்பொருள் எழுதுபவன். முதல் ஆண்டில் அவர் இட்ட கட்டளைகள் கடுமையானவை: குறித்த நாளைத் தவறவிடாதே, முடிக்காமல் உறங்காதே, சாக்குச் சொல்லாதே. பிறகு அந்த வேலையை விட்டேன். அடுத்த மாதப் பக்கங்களில் அதே தெய்வம், உடலைப் பேணு, பிறர் காலத்துக்கு உன் ஓய்வை விற்காதே என்று பேசியிருக்கிறது. எழுதும்போது ஒரு மாற்றத்தையும் நான் உணரவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து மொத்தமாகப் படித்தபோதுதான், நானும் கடவுளும் ஒரே நாளில் வேலையிலிருந்து விலகியிருக்கிறோம் என்பது தெரிந்தது.

நிக்கலஸ் எப்ளியும் உடன் ஆய்ந்தோரும் 2009இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு மிக நெருக்கமானது. மரண தண்டனை போன்ற பொருள்களில் மக்களின் சொந்தக் கருத்தைச் சற்றே அசைத்துப் பார்த்தார்கள். சொந்தக் கருத்து அசைந்தபோது, கடவுள் இது குறித்து என்ன நினைப்பார் என்று அவர்கள் சொன்ன விடையும் கூடவே அசைந்தது. பிற மனிதர்கள் என்ன நினைப்பார்கள் என்பது குறித்த விடை அவ்வாறு அசையவில்லை. அறிமுகம் இல்லாதவரைக்கூட நம்மிடமிருந்து பிரித்துப் பார்க்கிறோம், கடவுளை முடிவதில்லை.

இதோடு நிறுத்தியிருந்தால் என் கட்சி வென்றிருக்கும். ஆனால் குறிப்பேட்டில் இரு காலங்களிலும் மாறாமல் வந்த கட்டளை ஒன்று இருந்தது: "யாரிடமும் உதவி கேளாதே." முதல் பக்கத்திலும் இருந்தது, கடைசிப் பக்கத்திலும் இருந்தது. மற்றவை எல்லாம் சூழலுக்கேற்ப நான் மாற்றிக்கொண்ட கொள்கைகள். இந்த ஒன்றைக் கொள்கை என்று இனிமேல் என்னால் சொல்ல முடியாது. தொடங்கியவர் கேட்ட கேள்விக்கு என் விடை இவ்வளவே. இக்கட்டளையை மீறிப் பார்க்க மூன்று முறை முயன்றேன், ஒருமுறைதான் முடிந்தது.

ஒரு தந்தை

சுருக்கமாக எழுதுகிறேன். என் மகளுக்கு ஐந்து வயதில் இருட்டைக் கண்டால் அச்சம். வாளேந்திய காவல் தெய்வம் ஒன்றைக் கற்பனை செய்து கொடுத்தேன். வேண்டாம் என்று விட்டாள். அவளாகவே ஒன்றைப் படைத்துக்கொண்டாள். கட்டிலுக்கு அடியில் வாழும் சிறிய தெய்வம், அதற்கும் இருட்டென்றால் அச்சம். ஆகவே இவள்தான் அதற்குத் துணை. ஒவ்வோர் இரவும் குனிந்து, "நான் இருக்கிறேன், நீ தூங்கு" என்று அதற்குச் சொல்லிவிட்டு இவள் தூங்கினாள்.

பண்டைய எகிப்தியர் உறங்குவோரைக் காக்கும் பெஸ் என்னும் தெய்வத்தைக் கட்டில்களிலும் தலையணைக் கட்டைகளிலும் செதுக்கினார்கள். குள்ள உருவம், சிங்கப் பிடரி, வெளியே நீட்டிய நாக்கு. அச்சத்தை அச்சுறுத்தி விரட்டும் முறை அது, நான் கொடுத்த வாளும் அதே வகை. குழந்தை கண்டுபிடித்த வழி எனக்குத் தோன்றியதே இல்லை.

விலகி வந்த ஒருவர்

எல்லோரும் கனிவோடு எழுதியிருப்பதால் இதைச் சொல்லத் தயங்கினேன். இருந்தாலும் யாருக்காவது பயன்படலாம்.

வீட்டைக் காக்கவென நான் படைத்த தெய்வம் முதலில் ஒன்றே ஒன்றுதான் கேட்டது: உறங்கும் முன் கதவின் பூட்டைத் தொட்டுப் பார். சில மாதங்களில் மூன்று முறை தொடச் சொன்னது; பிறகு ஏழு முறை. எண்ணிக்கை தவறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு கட்டத்தில் நள்ளிரவு தாண்டியும் கதவருகே நின்றுகொண்டிருந்தேன். பிரெஞ்சுப் பயணி அலெக்சாந்திரா டேவிட்-நீல், திபெத்தியப் பயிற்சி ஒன்றின் வழியாகத் தாம் மனத்தால் உருவாக்கிய பருத்த, கலகலப்பான துறவி உருவம், நாளடைவில் மெலிந்து வன்மம் கொண்ட முகத்தோடு தம்மைத் தொடர்ந்தது என்றும், அதைக் கரைக்க ஆறு மாதம் பிடித்தது என்றும் எழுதினார். அவர் கண்டது உண்மையா என்பது எனக்குப் பொருட்டன்று. அந்த மாற்றம் எனக்கு நன்றாகத் தெரிந்த மாற்றம்.

மனநல மருத்துவரிடம் போனேன். எண்ணச் சுழற்சி நோய் என்றார். அச்சத்தை எழவிட்டு, சடங்கைச் செய்யாமல் அப்படியே காத்திருக்கப் பயிற்றுவித்தார். பூட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தால் அச்சம் ஏறும், உச்சிக்குப் போகும், ஒன்றும் நிகழாது, மெல்ல இறங்கும். சொல்வதற்கு எளிது, முதல் இரவில் அழுதேன். ஆனால் திரும்பத் திரும்பச் செய்தபோது உச்சியின் உயரம் குறைந்தது.

மேலே எழுதியவர்களின் தெய்வங்களுக்கும் என்னுடையதற்கும் நான் காணும் வேறுபாடு ஒன்றுதான். செவிலியரின் கிழவி எண்ணி முடித்ததும் எழுந்து போய்விடுகிறாள். என்னுடையதற்குப் போதும் என்னும் சொல்லே தெரியாது. உங்கள் தெய்வம் கேட்கும் படையல் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போனால், தயங்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

இழையைத் தொடங்கியவர்

இவ்வளவு நேர்மையை நான் எதிர்பார்க்கவில்லை. அனைவருக்கும் நன்றி.

அச்சம் பிறக்கும் இடங்கள் நான்கு என்று தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் கணக்கிடுகிறது: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. இப்பதிவுகளைப் படிக்கும்போது அந்த நான்கும் நினைவில் ஓடின. பூட்டருகே நின்றவரின் தெய்வம் கள்வரிடமிருந்து வந்தது. மூச்செண்ணியோ இறையிடமிருந்து வந்தவள். தவறு கண்டால் தண்டிக்கும் மேலிடத்தைத்தான் அச்சொல் அங்கே குறிக்கிறது. அரசனுக்கும் கடவுளுக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிறோம் என்பது இத்தனை நாள் எனக்கு வெறும் அகராதிச் செய்தியாக இருந்தது. தாழ்க்கோலான் எந்தக் கணக்கில் சேர்வார் என்று எனக்குத் தெரியவில்லை. இருட்டு அப்பட்டியலிலேயே இல்லை. அந்தக் குழந்தையிடம் சொல்ல வேண்டாம்.

பின்கண்ணியையும் அணங்கு என்றே எழுத நினைத்தேன். செவிலியரின் பதிவை இரண்டாம் முறை படித்த பிறகு, அவளும் இறையைச் சேர்ந்தவள் என்றுதான் எழுத முடிகிறது. அன்று தலைப்பில் நின்ற பிழையால் யாருக்கும் ஒரு தீங்கும் நேரவில்லை. நூலாசிரியர் சிரித்துவிட்டு மறந்துபோனார். ஆறு ஆண்டுகளாக மறக்காமல் இருப்பவள் நான் ஒருத்திதான்.

படையல் பற்றிய கேள்விக்கும் விடை கிடைத்ததுபோல் தோன்றுகிறது. நேற்று என் முதல் பதிவை அனுப்பும் முன் இரண்டு முறை படித்தேன். அனுப்பிய மறுகணமே, மூன்றாம் பத்தியில் "அதை பார்த்து" என்று எழுதியிருப்பது கண்ணில் பட்டது. ஒரு பகர ஒற்று விடுபட்டிருக்கிறது. திருத்தும் வசதி இன்னும் திறந்தே இருக்கிறது. இதுவரை பதினோரு முறை அப்பக்கத்துக்குப் போய்த் திரும்பியிருக்கிறேன். அது அங்கேயே இருக்கட்டும், அவள் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டிருக்கிறேன். எத்தனை நாள் தாங்குவேன் என்பது தெரியவில்லை.