பரிசு அட்டைகளை எந்த அளவுகோலால் வரிசைப்படுத்துவது?

காட்பாடி வாசகன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் ஸ்பிளிண்டர்லேண்ட்ஸ் என்ற இணைய அட்டைப் போர் விளையாட்டை விளையாடத் தொடங்கி ஏறத்தாழ ஓராண்டாகிறது; இப்போது சில்வர் லீக் என்ற தரநிலைப் பிரிவில் இருக்கிறேன். ஒவ்வொரு பருவத்தின் முடிவிலும் கிடைக்கும் பரிசு அட்டைகளை ஒரு நோட்டில் எழுதி, சிறந்தது முதல் கடைசி வரை வரிசைப்படுத்தி வருகிறேன். மிக அரிதான லெஜண்டரி மேலே, அடுத்து எபிக், பிறகு ரேர், எல்லாவற்றுக்கும் கீழே எளிதில் கிடைக்கும் காமன் என்பதே இதுவரை நான் கைக்கொண்ட முறை.

சென்ற பருவத்தில் இந்த முறையின் மீது எனக்கு ஐயம் வந்துவிட்டது. பட்டியலில் முதலிடம் கொடுத்திருந்த, களமிறக்க அதிக மனா (ஆற்றல் புள்ளி) கேட்கும் லெஜண்டரி டிராகன் ஒன்றை அந்தப் பருவம் முழுவதும் நான்கு முறைகூடக் களத்தில் இறக்கவில்லை. கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்த, முன்னால் நிற்பவருக்கு உயிரை மீட்டுத்தரும் ஒரு சிறிய காமன் அட்டையோ என் நீர் அணியில் ஏறக்குறைய எல்லா ஆட்டங்களிலும் இருந்தது. முதலிடத்தில் இருப்பதைத் தொடாமல், கடைசியில் இருப்பதை நாள்தோறும் எடுத்தால் பட்டியல் எதற்கு என்று என் தங்கை கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஆட்டங்களில் ஈட்டிச் சேர்த்து வைத்திருக்கும் கிளிண்ட் புள்ளிகளை விளையாட்டின் கடையில் எவ்வகை அட்டைக்குச் செலவிடுவது என்பதும் இந்தப் பட்டியலைப் பொறுத்தே இருப்பதால், அனுபவமுள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

ஆரணிக்காரன் எழுதியது:

நண்பரே, சிலர் சந்தை விலையைக் கொண்டு வரிசைப்படுத்தச் சொல்வார்கள். பரிசு அட்டைகளுக்கு அது சரிவராது. அவை சோல்பவுண்டு, அதாவது பெற்றவரின் கணக்கோடு பூட்டப்பட்ட அட்டைகள். பூட்டைத் திறக்காமல் விற்கவோ வாடகைக்கு விடவோ முடியாது. விற்க முடியாத அட்டைக்கு, அதைக் களத்தில் இறக்குவதால் வரும் பயன்தான் மதிப்பு.

ராணிப்பேட்டை பெரியவர் எழுதியது:

தம்பி, நான் ஒரு தோல் தொழிற்சாலையில் பல ஆண்டுகள் தரம் பிரிக்கும் மேசையில் நின்றவன். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பகுதிகளில் பலருக்கும் தெரிந்த வேலைதான் அது. பெரிய தோல், தடித்த தோல் என்பதற்காக மட்டும் எதையும் முதல் தரத்தில் வைக்க மாட்டோம். மேற்பரப்பில் முள் கீறலும் உண்ணி வடுவும் இல்லாத தோல் ஷூவின் மேல்பகுதிக்குப் போகும். வடு இருப்பதை மேற்பரப்பைத் தேய்த்துச் சீராக்கிப் பயன்படுத்துவோம். மெல்லியது லைனிங்குக்குப் போகும். லைனிங் ஆர்டர் வந்திருக்கும் நாளில் அந்த மெல்லிய தோல்தான் எங்களுக்கு முதல் தரம். அட்டைகளையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். அரிதானதா என்று கேட்பதற்கு முன்னால், என் லீக்கில் எந்த வேலைக்கு, எத்தனை ஆட்டங்களில் உதவும் என்று கேட்க வேண்டும்.

லீக்கைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒவ்வொரு லீக்கிலும் அட்டைகளின் லெவலுக்கு உச்சவரம்பு உண்டு. சில்வரில் காமன் 5, ரேர் 4, எபிக் 3, லெஜண்டரி 2 என்ற லெவல் வரைதான் வேலை செய்யும். பல அட்டைகளில் நாம் விரும்பும் திறன் அதற்கு மேற்பட்ட லெவலில்தான் திறக்கும் என்பதால், உச்ச லெவலில் கம்பீரமாகத் தெரியும் அட்டை நம் லீக்கில் அந்தத் திறனே இல்லாமல் நிற்கக்கூடும். ஆகவே அட்டையின் முழு விவரப் பக்கத்தில் உங்கள் வரம்புக்குரிய வரியை மட்டும் படித்து மதிப்பிடுங்கள்; கடைசி வரியைப் படித்து ஆசைப்படுவதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் பிழை.

அடுத்தது மனா. ஒரு சம்மனரும் (அணித் தலைவர் அட்டை) அதிகபட்சம் ஆறு மான்ஸ்டர்களும் (போரிடும் அட்டைகள்) கொண்ட அணியை, அந்த ஆட்டத்துக்குக் கொடுக்கப்பட்ட மனாவுக்குள் அமைக்க வேண்டும். மனா தாராளமாகக் கிடைக்கும் ஆட்டத்தில் உங்கள் டிராகன் நன்றாகவே போரிடும். இருபதுக்குக் குறைவாகக் கிடைக்கும் ஆட்டத்தில் அதை இறக்கினால், மீதி இடங்கள் வெறுமையாக நிற்கும். இரண்டு மனா அட்டையோ இரண்டு வகை ஆட்டத்திலும் ஓர் இடத்தை நிரப்பி, எதிரியின் அடிகளில் சிலவற்றை வாங்கிக்கொள்ளும். ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும் விதிகளும் இதே பக்கம்தான் சாய்கின்றன: லிட்டில் லீக் விதியில் நான்கு மனாவுக்கு மேற்பட்ட எதுவும் நுழைய முடியாது, லாஸ்ட் லெஜண்டரீஸ், ரைஸ் ஆஃப் தி காமன்ஸ் ஆகிய இரண்டிலும் லெஜண்டரி மான்ஸ்டர்களுக்கு இடமே இல்லை. சிறிய காமன் அட்டையை முழுதாக வெளியே நிறுத்தும் விதிகள் குறைவு.

நெருப்பு, நீர் போன்ற எந்த நிறத்தையும் சேராத நியூட்ரல் அட்டைகளுக்கு நான் எப்போதும் ஒரு படி கூடுதலாகக் கொடுப்பேன், ஏனெனில் நியூட்ரலைத் தடுக்கும் டேக்கிங் சைட்ஸ் விதி வரும் ஆட்டங்களைத் தவிர, எந்த நிறத்து அணியிலும் அவற்றைச் சேர்க்கலாம். ஒரே நிறத்தில் முடங்கும் நல்ல அட்டையைவிட, ஆறு நிறங்களுக்கும் உதவும் நடுத்தர அட்டை ஒரு பருவத்தில் அதிக ஆட்டங்களைப் பார்த்துவிடும்.

குடியாத்தம் அக்கா எழுதியது:

பெரியவர் சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். லெஜண்டரியைக் குறித்து மட்டும் எனக்கு வேறு கருத்து உண்டு. ஒரே அட்டையின் பிரதிகளை ஒன்றாக இணைத்தே லெவலை உயர்த்துகிறோம் என்பதைக் கணக்கில் எடுக்க வேண்டும். கேயாஸ் லீஜியன் என்ற அட்டைத் தொகுப்பின் கணக்கில், சில்வர் வரம்பை எட்ட காமனுக்கு 60 அட்டைகள், ரேருக்கு 25, எபிக்குக்கு 10 தேவை. லெஜண்டரிக்கு 3 போதும். உச்ச லெவலுக்கு அதே வரிசையில் 400, 115, 46, 11. உங்கள் காமன் அட்டை நன்றாக உழைப்பது அதில் நிறையப் பிரதிகள் சேர்ந்துவிட்டதால்தான். புதிதாக வந்த காமனில் ஐந்து பிரதிகளை வைத்துக்கொண்டு அதே உழைப்பை எதிர்பார்க்க முடியாது. எனவே அட்டை நல்லதா என்பதோடு, வரம்பை எட்ட இன்னும் எத்தனை பிரதிகள் வேண்டும் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள்.

இன்னொன்றும் உண்டு. பரிசாக ஒரு சம்மனர் கிடைத்தால் அதை இந்தப் பட்டியலில் சேர்க்காமல் தனியே வைத்து, முதலில் அதன் லெவலை உயர்த்துங்கள். சம்மனரின் லெவல் குறைவாக இருந்தால் அணியிலுள்ள மான்ஸ்டர்களின் லெவலும் அதற்கேற்பக் குறைக்கப்படும். அப்போது 60 பிரதிகளை இணைத்த காமனும் வீணாகிறது.

பூமி அதிரும் எர்த்குவேக் விதிக்காகப் பறக்கும் அட்டைகளையும், எல்லோருக்கும் நஞ்சேறும் நாக்ஷியஸ் ஃப்யூம்ஸ் விதிக்காக இம்யூனிட்டி (நஞ்சு தாக்காத திறன்) உள்ளவற்றையும் நான் பட்டியலுக்கு வெளியே ஒரு சிறு பக்கத்தில் குறித்து வைத்திருக்கிறேன். அவை பத்து ஆட்டங்களில் ஒன்பதில் தேவைப்படாமல் இருக்கலாம்; தேவைப்படும் ஓர் ஆட்டத்தில் அவை இல்லாவிட்டால் தோல்வி நிச்சயம். பயன்பாட்டு எண்ணிக்கையால் மட்டும் அளந்தால் இத்தகைய அட்டைகள் அநியாயமாகக் கீழே போய்விடும்.

காட்பாடி வாசகன் எழுதியது:

ஆரணி நண்பருக்கும், ஐயாவுக்கும், அக்காவுக்கும் என் நன்றி. இன்று மாலை தங்கையோடு உட்கார்ந்து, என் கடைசி 50 ஆட்டங்களின் பதிவுகளைப் பார்த்து, ஒவ்வொரு பரிசு அட்டையும் எத்தனை முறை அணியில் இருந்தது என்று எண்ணினோம். அந்தக் காமன் அட்டை 31 ஆட்டங்களில் இருந்தது, டிராகன் இரண்டில். ஆனால் டிராகனில் என்னிடம் ஏற்கெனவே இரண்டு பிரதிகள் இருப்பதால், அக்கா சொன்னபடி இன்னும் ஒன்று கிடைத்தால் சில்வர் வரம்பை எட்டிவிடும் என்பதையும் இப்போதுதான் கவனித்தேன். நெருப்புச் சம்மனர் ஒன்று இன்னும் முதல் லெவலிலேயே கிடக்கிறது. அதற்குரிய பிரதிகள் கிடைக்கும் வகைக்கே இந்த முறை கிளிண்ட்டைச் செலவிடப் போகிறேன். ஐயா, வரம்புக்குரிய வரியை மட்டும் படித்துப் புதிய பட்டியலை எழுதி முடித்ததும் இங்கேயே பதிகிறேன்; நியூட்ரல் அட்டைகளுக்கு நான் கொடுத்திருக்கும் இடத்தைப் பார்த்துத் திருத்தித் தர வேண்டும்.