புதுப்பிப்பு: டேப் டிரைவ் மேல் தப்பில்லை

சிஸ்டத்தை அப்கிரேட் செய்த பிறகு எல்டிஓ டேப்பில் (டேட்டாவைச் சேமிக்கும் காந்த நாடா) பேக்கப் எடுக்கும்போதெல்லாம் 'ஹார்டுவேர் எரர்' வருகிறது என்று போன வாரம் எழுதியிருந்தேன். கிளீனிங் டேப் போட்டேன், கேபிளை மாற்றினேன், புது டேப்பும் வைத்துப் பார்த்தேன், ம்ஹூம். அப்புறம்தான் கெர்னல் (ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி) எழுதிவைக்கும் லாகைப் பொறுமையாகப் படித்தேன் (முதலிலேயே செய்திருக்கலாம்). எங்கள் பேக்கப் 1 எம்பி பிளாக்குகளாக (ஒரே தடவையில் எழுதும் டேட்டாத் தொகுதிகளாக) எழுதிவந்தது. டேப் டிரைவைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் எஸ்ஏஎஸ் கார்டை இயக்கும் மென்பொருளான புது டிரைவர் ஒரே தடவையில் அவ்வளவு பெரிய பிளாக்கை ஏற்கவில்லை. 256 கேபியாகக் குறைத்ததும் ஒழுங்காக எழுதுகிறது, வெரிஃபையும் சரி.

ஒரு தலைவலி மட்டும் மிச்சம். டேப்பில் எழுதிய பிளாக்கைத் துண்டு துண்டாகப் படிக்க முடியாது, முழுசாகத்தான் படிக்க வேண்டும். பழைய டேப்புகளில் இருப்பதெல்லாம் 1 எம்பி பிளாக்குகள், புது டிரைவர் அவற்றை ஏற்காது. அதனால் அந்த டேப்புகளுக்காகப் பழைய டிரைவர் உள்ள பழைய கெர்னலையும் பூட் மெனுவில் விட்டுவைத்திருக்கிறேன்.