கடன் உள்ள நிலத்துக்குக் கன்சர்வேஷன் ஈஸ்மென்ட்: வங்கியை எப்படிச் சம்மதிக்க வைப்பது?

வணக்கம். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் 80 ஏக்கர் மேய்ச்சல் நிலம், ஓரமாக ஓடைக்கரைக் காடு. நிலப் பாதுகாப்புக்கான லாபநோக்கமற்ற அமைப்பு (லேண்ட் டிரஸ்ட்) ஒன்றுக்கு கன்சர்வேஷன் ஈஸ்மென்ட், அதாவது நிலத்தை வளர்ச்சிப் பணிகளுக்குப் பயன்படுத்துவதைக் கட்டுப்படுத்தும் நிரந்தர ஒப்பந்தம், எழுதிக்கொடுக்கிறோம். நிலம் எங்கள் பேரில்தான் இருக்கும். விற்கலாம், பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம், மாடு மேய்க்கலாம். மனை பிரிக்கும் உரிமை மட்டும் நிரந்தரமாகப் போகும், அடுத்து வாங்குபவருக்கும் சேர்த்து.

வரிக் கணக்கு புரிகிறது. ஈஸ்மென்டுக்கு முன் நிலமதிப்பு 8 லட்சம் டாலர், அதற்குப் பின் 5 லட்சம் என்றால் 3 லட்சம் நன்கொடை. ஆண்டு வருமானத்தில் 50 சதவீதம் வரை கழித்து, மிச்சத்தை அடுத்த 15 ஆண்டுகளுக்குக் கொண்டுபோகலாம். மாநிலம் தரும் 40 சதவீத வரி கிரெடிட்டை (கட்டவேண்டிய வரியிலிருந்தே நேராகக் குறைக்கும் சலுகை) வேறொருவருக்கு விற்கவும் முடியும்.

இடிப்பது வங்கிக் கடன்தான். பத்திரம் பதிவாவதற்குள் வங்கி தன் அடமான உரிமையை ஈஸ்மென்டுக்குக் கீழே இறக்கி எழுதித் தரவேண்டும். அந்தக் கடிதத்தைப் பதிவுக்குப் பிறகு வாங்கிச் சேர்த்தால் மத்திய அரசின் வரிக்கழிவு மொத்தமும் போச்சு. கிளையில் இருப்பவர்களுக்கோ இப்படியொரு பத்திரமே புதிது. அப்ரைசலும் (நிலமதிப்பீட்டு அறிக்கை) நன்கொடை நாளுக்கு 60 நாளுக்கு மேல் முந்தியதாக இருக்கக் கூடாது. இழுத்தடித்தால் அதற்கும் மறுபடி செலவு.

செய்து முடித்தவர்கள் சொல்லுங்கள்: வங்கியில் எந்தப் பிரிவைப் பிடித்தீர்கள்? நிலமதிப்பு குறைகிறதே என்று அசலில் ஒரு பகுதியை முன்கூட்டியே கட்டச் சொன்னார்களா? பின்னாளில் ஒரு வீடு கட்ட 2 ஏக்கர் ஒதுக்கினால், அந்த இடத்தை வரைபடத்திலேயே குறித்துவிட்டீர்களா?

ஈஸ்மென்ட் திட்டத்தில் பங்கு சேர்ந்தால் போட்ட பணத்துக்கு நாலு மடங்கு வரிக்கழிவு என்று அழைக்கும் தரகர்கள் தயவுசெய்து வேண்டாம்.