ஆத்துல 6 நாள் மோட்டார் போட் பயணம்: ராத்திரி எங்க நிறுத்துறது, நங்கூரம் எங்க போடுறது?

புதுத்துடுப்பு:
எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா படிச்சுட்டு மட்டும்தான் இருந்தேன், இப்பதான் முதல் தடவையா ஒரு கேள்வி கேக்குறேன். எங்கிட்ட 6.8 மீட்டர் போட் ஒண்ணு இருக்கு, 90 ஹார்ஸ்பவர் அவுட்போர்டு, 150 லிட்டர் டேங்க். இதுவரைக்கும் காலைல போய் சாயங்காலம் திரும்புற மாதிரிதான் ஓட்டியிருக்கேன். இந்தத் தடவை நானும் மச்சானும் அவனோட ஃப்ரெண்டும் 6 நாள் போட்லயே தங்கி, ஓட்டத்தோட கீழ 192 கிலோமீட்டர் போய்ட்டு திரும்பி வரலாம்னு இருக்கோம். மெதுவா மணிக்கு 12 கிலோமீட்டர்ல போனா ஒரு பக்கம் 16 மணி நேரம், போக வர 32, அப்ப ஒரு நாளைக்கு அஞ்சரை மணி நேரம் கூட ஆகாது. அந்த வேகத்துல மணிக்கு 8 லிட்டர் குடிக்குது, ஒரு பக்கத்துக்கு 128 லிட்டர், டேங்க்லயே அடங்கிடுது, கடைசில இருக்கிற பங்க்ல நிரப்பிட்டு திரும்பிடலாம்னு கணக்கு. சரிதானே?

பெரிய சந்தேகம் ராத்திரிக்குத்தான். சேட்டிலைட் படம் பாத்து 5 இடம் குறிச்சு வெச்சிருக்கேன், எல்லாமே வளைவுல வெளிப்பக்கம், நல்ல ஆழம், நல்ல நிழல். முதல் ரெண்டு இடத்த நேர்லயும் பாத்தாச்சு, மரமெல்லாம் தண்ணி மேல சாஞ்சு அவ்ளோ அழகு. கையில ஒரு தட்டை நங்கூரம், 2 மீட்டர் செயின், 20 மீட்டர் கயிறு இருக்கு. போதுமா? இன்னொண்ணு, மூக்குப் பக்கம் போய் நிக்க இடமே இல்ல, பின்னாடி இருந்தே நங்கூரம் போட்டா வசதியா இருக்கும்னு மச்சான் சொல்றான்.

எதிரோட்டம்:
ப்ரோ, மத்ததெல்லாம் அப்புறம். மச்சான் சொல்ற அந்த ஒரு விஷயத்த மட்டும் செய்யாதீங்க. ஓடுற தண்ணில பின்பக்கமா நங்கூரம் போட்டதால படகு மூழ்கின கதை எந்த ஆத்துல கேட்டாலும் கிடைக்கும். மூக்கு கூர்மையா உயரமா இருக்கு, அது தண்ணிய ரெண்டா பிளந்துவிடும். பின்பக்கம் தட்டைப் பலகை, அதுவும் எஞ்சின் மாட்டுறதுக்காக தாழ்வா வெட்டி வெச்சிருப்பாங்க, எஞ்சின் வெயிட்டும் அங்கதான், மூணு பேரும் நங்கூரத்த வேடிக்கை பாக்க அங்கதான் நிப்பீங்க. கயிறு இறுகினதும் பின்பக்கத்த கீழ இழுக்கும், வர்ற தண்ணி பலகைல மோதி மேல ஏறி உள்ள வந்து விழும், உள்ள விழுந்த தண்ணி இன்னும் கீழ அமுக்கும். யோசிக்கக்கூட நேரம் இருக்காது. ஓட்டத்தோட வேகம் ரெண்டு மடங்கானா அது தள்ளுற விசை நாலு மடங்கு ஆகும், அதனால நேத்து சும்மா இருந்த இடம் இன்னைக்கும் சும்மா இருக்கும்னு நம்ப முடியாது. நிக்க இடமில்லன்னா மூக்குல இருக்கிற வளையத்துல கயிறு கட்டி, பக்கவாட்டுல வெளிய கொண்டு வந்து நங்கூரத்த நடுவுல இருந்து இறக்குங்க, இழுவிசை மட்டும் மூக்குல விழட்டும்.

இப்ப கணக்குக்கு வரேன். மணிக்கு 12ங்கிறது தேங்கின தண்ணில. ஓட்டத்தோட வேகம் என்னன்னு அளந்தீங்களா? ஒரே ஆர்பிஎம்ல வெச்சு கீழ கொஞ்ச தூரம் மேல கொஞ்ச தூரம் ஓட்டி ஜிபிஎஸ் வேகத்த எழுதுங்க, ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்துல பாதிதான் ஓட்டம்.

புதுத்துடுப்பு:
ஐயோ, கேட்டதே நல்லதாப் போச்சு. மச்சானுக்கு அப்படியே ஃபார்வர்டு பண்ணிட்டேன். ஓட்டம் நேத்து சாயங்காலம் போய் அளந்தேன், கீழ போகும்போது 16 காட்டுச்சு, மேல வரும்போது 8.

எதிரோட்டம்:
அப்ப ஓட்டம் 4. கீழ போக 192ஐ 16ஆல வகுத்தா 12 மணி நேரம், மேல வர 8ஆல வகுத்தா 24 மணி நேரம். மொத்தம் 32 இல்ல, 36. போகும்போது மிச்சமானது வரும்போது சரியாப் போயிடும்னு எல்லாரும் நினைப்பாங்க, ஆகாது, ஏன்னா எதிரோட்டத்துல நீங்க கூடுதல் நேரம் கிடந்து அவஸ்தைப்படுறீங்க.

4 மணி நேரத்த விடுங்க, பெட்ரோல்தான் விஷயம். எஞ்சின் குடிக்கிறது மணிக்கணக்குல, கிலோமீட்டர் கணக்குல இல்ல. நாங்கல்லாம் மூணுல ஒரு பங்க தொடவே மாட்டோம், அது வழி தப்பினா, அணை திறந்து ஓட்டம் ஏறினா, போற இடத்துல பங்க் மூடியிருந்தா அதுக்கு. 150ல 100 லிட்டர்தான் உங்க கணக்குக்கு, அதாவது பன்னெண்டரை மணி நேரம். கீழ நோக்கி 200 கிலோமீட்டர் போவீங்க, மேல நோக்கி வெறும் 100. டேங்க் அதே டேங்க்தான். இருக்கிற மொத்தத்தையும் எரிச்சாலும் எதிரோட்டத்துல 150 கிலோமீட்டர்ல நின்னுடும், நீங்க வர வேண்டியது 192. கடைசில ஒரு பங்க் இருந்தா பத்தாது, வழில பாதிலயும் ஒண்ணு வேணும்.

என்னக் கேட்டா 160லயே திரும்பிடுங்க. கீழ 10 மணி நேரம், மேல 20, ஒரு நாளைக்கு 6 மணி நேரம்னு 5 நாள்ல முடியும். ஆறாவது நாளு சும்மா கிடக்கட்டும், மழையோ பனியோ எஞ்சின் மக்கரோ அத தின்னுடும். ஓட்டத்தோட கீழ போறது முதல் பாதின்னா கஷ்டமான பாதி களைச்சுப் போன நாள்ல வருது, அதையும் மனசுல வெச்சுக்கோங்க.

சேத்துக்கால்:
தம்பி நீங்க குறிச்ச 5 இடத்தையும் அழிச்சுடுங்க, கோச்சுக்காதீங்க. வளைவுல வெளிக்கரைலதான் தண்ணி வேகமா அறுத்துட்டுப் போகும், அதனாலதான் அங்க ஆழம். மரம் தண்ணி மேல சாஞ்சிருக்குன்னா அடி மண்ணு போய்ட்டு இருக்குன்னு அர்த்தம், அழகுக்காக அது குனியல. விழுந்த மரம் அடில கிடக்கும், நங்கூரம் அதுல போய் மாட்டினா விடியுற வரைக்கும் நல்லா பிடிக்கும், விடிஞ்சப்புறம் வரவே வராது. சரக்குப் படகு போற ஆறா இருந்தா அதுங்களும் ஆழத்துக்காக அந்த வெளிக்கரைய ஒட்டித்தான் திரும்பும்.

வளைவோட உள்பக்கம் பாருங்க, ஓட்டம் தணிஞ்சு மணல் படிஞ்சிருக்கும், நங்கூரம் நல்லா கடிக்கும். ஆனா அந்த மணல் திட்டு தண்ணிக்குள்ள எவ்ளோ தூரம் நீண்டிருக்குன்னு கண்ணுக்குத் தெரியாது. இதவிட எனக்குப் பிடிச்சது தீவோட கீழ் முனை, அதாவது ரெண்டு பக்கம் பிரிஞ்ச தண்ணி மறுபடி சேருற இடம், முனைக்கு நேர் பின்னாடி கிட்டத்தட்ட தேங்கின தண்ணி கிடைக்கும். தீவுக்குப் பின்பக்கம் போற சின்ன வாய்க்காலுக்குள்ள நுழையணும்னா கீழ இருந்து மேல நோக்கி நுழைங்க. எதிரோட்டத்துல மெதுவா போய் தரை தட்டினா தண்ணியே உங்கள பின்னாடி தள்ளி எடுத்துவிடும், ஓட்டத்தோட போய் தட்டினா அதே தண்ணி இன்னும் மேல ஏத்திவிடும்.

நான் அனுபவிச்சது ஒண்ணு. ஒரு உள்வளைவுல 80 சென்டிமீட்டர் தண்ணில நங்கூரம் போட்டுட்டு நிம்மதியா தூங்கினேன், விடியக்காலை நாலு மணி இருக்கும், தலையணையோட சேந்து நானும் ஒரு பக்கமா உருண்டு போய் சுவத்துல ஒட்டிக் கிடக்கேன். தலைய வெளிய நீட்டினா தண்ணி அரை மீட்டர் இறங்கியிருக்கு, போட் மணல்ல சாஞ்சு உக்காந்திருக்கு, எஞ்சினோட அடிப்பாகம் சேத்துல. மேல ஒரு அணைல ராத்திரி தண்ணிய குறைச்சிருக்காங்க. சாயங்காலம் வரைக்கும் கால் சேத்துல புதைய புதைய நின்னதுதான் இந்தப் பேருக்குக் காரணம். அன்னைலேர்ந்து நிறுத்தின உடனே கரையோரமா ஒரு குச்சி நட்டு தண்ணி மட்டத்துல கத்தியால கோடு போட்டுடுவேன், தூங்கப் போகும்போது டார்ச் அடிச்சுப் பாப்பேன், ஒரு விரல் அகலம் இறங்கியிருந்தாக்கூட இடத்த மாத்திடுவேன். அணை இருக்கிற ஆறுன்னா தண்ணி எப்ப திறப்பாங்க எப்ப அடைப்பாங்கன்னு கிளம்புறதுக்கு முன்னாடியே விசாரிச்சு வெச்சுக்கணும். கிளை ஆறு வந்து சேருற வாயும் நல்ல இடம்தான், ஆனா வாசல்ல ஒரு மணல் மேடு இருக்கும், மேல மழைன்னா கட்டையும் குப்பையும் நேரா உங்க மூஞ்சிக்கு வரும்.

கயிறு பத்தி: ஆழத்தோட மூக்கு தண்ணிக்கு மேல இருக்கிற உயரத்தையும் கூட்டிக்கோங்க. 3 மீட்டர் ஆழம், 1 மீட்டர் உயரம், ஆக 4. பகல்ல சாப்பிட்டுக் கிளம்பணும்னா அஞ்சு மடங்கு, 20 மீட்டர். ராத்திரிக்கு ஏழு மடங்கு, 28. உங்ககிட்ட இருக்கிறது மதியத் தூக்கத்துக்குத்தான் ஆகும். 50 மீட்டரா வாங்கிடுங்க, செயினும் போட் நீளத்துக்காவது இருக்கட்டும், செயின் படுத்துக் கிடந்தாதான் நங்கூரத்த மேல தூக்காம கிடையா இழுக்கும். போட்ட பிறகு ரிவர்ஸ்ல மெதுவா இழுத்துப் பாருங்க. அப்புறம் கரைல பக்கத்துல ஒரு கல்லு, அதுக்கு நேர் பின்னாடி தூரத்துல ஒரு மரம்னு ஒரே கோட்டுல வர்ற மாதிரி ரெண்ட பிடிச்சு வெச்சுக்கோங்க. பத்து நிமிஷம் கழிச்சும் கோடு விலகாம இருந்தா பிடிச்சிடுச்சு. கல்லு ஒரு பக்கம் மரம் ஒரு பக்கம் போச்சுன்னா நங்கூரம் உழுதுட்டு வருதுன்னு அர்த்தம்.

ஜெட்டிவாசி:
எதுக்கு இவ்ளோ தொல்லை, படகுத்துறை எங்க இருக்கோ அங்க கட்டிட்டு காலை நீட்டித் தூங்கலாமே. நான் 10 வருஷமா ஆத்துல போறேன், ராத்திரி நங்கூரம் போட்டது ரெண்டே தடவை. துறைக்கு முன்கூட்டியே ஃபோன் போட்டு இடம் இருக்கா, நம்ம போட்டுக்கு ஆழம் பத்துமான்னு கேட்டுடுவேன், அவ்ளோதான்.

சேத்துக்கால்:
துறை இருந்தா யாரு வேணாங்கிறா? வழில எஞ்சின் படுத்துச்சுன்னா நங்கூரம்தான் உங்களுக்கு பிரேக். துறைய நம்பிப் போறவங்கதான் இருட்டினப்புறமும் இன்னும் 10 கிலோமீட்டர்தான்னு ஓட்டி, மிதக்கிற கட்டைல ஏத்தி ப்ரொப்பல்லர உடைச்சுட்டு வர்றது.

ஜெட்டிவாசி:
ஹாஹா, அது நானேதான். சரி, அதுல இருந்து கத்துக்கிட்டதையும் சொல்லிடுறேன், தினமும் ரெண்டு இடம் குறிக்கணும், ஒண்ணு போய்ச் சேர வேண்டிய இடம், இன்னொண்ணு அதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே வர்ற இடம். இருட்டுறதுக்கு மூணு மணி நேரம் முன்னாடியே அந்த முன்னாடி வர்ற இடத்துக்கு வந்துட்டீங்கன்னா போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போங்க, இல்லன்னா அங்கயே நிறுத்துங்க, அங்க நின்னு விவாதம் வேண்டாம். லாக் கதவு, அதாவது போட்ட உள்ள விட்டு அடைச்சு தண்ணி மட்டத்த ஏத்தி இறக்குற அறை, இருக்கிற ஆறுன்னா இன்னும் தாராளமா நேரம் விடுங்க, சரக்குக் கப்பல் வந்தா அதுக்குத்தான் முதல் மரியாதை. லாக்குக்குள்ள கயித்த இறுக்கிக் கட்டிடாதீங்க, ஒரு சுத்து சுத்தி கைலயே பிடிங்க, தண்ணி இறங்கும்போது கட்டின போட் சுவத்துல தொங்கும்.

விளக்கு பத்தி யாரும் சொல்லலையே? நங்கூரத்துல நிக்கும்போது சுத்தி எல்லாப் பக்கமும் தெரியுற வெள்ளை விளக்கு ஒண்ணு எரியணும், 12 மீட்டருக்குக் கீழ இருக்கிற போட்டுக்கு 2 கடல் மைல் தூரம் தெரியணும். 7 மீட்டருக்குக் கீழ வேணாம்னு ஒரு சலுகை சர்வதேச விதில இருக்கு, உங்க 6.8 அதுல வரும்னு யாராவது சொல்வாங்க, நம்பாதீங்க. மத்த படகு போற வர்ற வழிலயோ அதுக்குப் பக்கத்துலயோ நின்னா அந்தச் சலுகை கிடையாது, ஆத்துல வேற எங்க நிக்கப் போறீங்க. படகு போற வழிய காட்டுற மிதவைகளோட நிறமும் ஊருக்கு ஊர் மாறும். கடல்ல இருந்து உள்ள வரும்போது அமெரிக்கக் கண்டங்கள், ஜப்பான், கொரியா, பிலிப்பைன்ஸ்ல சிவப்பு வலது பக்கம், மத்த இடத்துல இடது பக்கம். உள்நாட்டு ஆறுகளுக்கு தனி முறையும் உண்டு, அதனால உங்க ஆத்து சார்ட்ட எடுத்துப் படிங்க.

எதிரோட்டம்:
ரெண்டு சின்ன விஷயம் விட்டுப்போச்சு. மூக்குப் பக்கம் ஒரு கத்தி கட்டி வைங்க. ராத்திரி பெரிய மரம் வந்து கயித்துல மாட்டினா மூக்க தண்ணிக்குள்ள இழுக்கும், அப்ப முடிச்சு அவிழ்க்கிறதெல்லாம் நடக்காது. கயித்தோட நம்ம பக்கத்து முனைல ஒரு மிதவையும் ரெடியா இருந்தா வெட்டி விட்டுட்டு காலைல வந்து எடுத்துக்கலாம். அடுத்தது, குளிருதுன்னு தார்ப்பாய எல்லாப் பக்கமும் இழுத்து மூடிட்டு சார்ஜுக்காக எஞ்சின ஓட விடாதீங்க. காத்து முன்னாடி இருந்து வந்தா போட்டோட பின்பக்கம் புகைய உள்ள உறிஞ்சும், கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, தூங்குறவன் எழுந்திருக்க மாட்டான்.

புதுத்துடுப்பு:
மூணு பேருக்கும் ரொம்ப நன்றிண்ணே. நேத்து ராத்திரி உக்காந்து எல்லாத்தையும் மாத்திட்டேன். 160லயே திரும்புறோம், திரும்புற இடத்துலயே ஒரு பங்க் இருக்கு, வரும்போது 85வது கிலோமீட்டர்ல இன்னொண்ணு, ரெண்டுக்கும் ஃபோன் போட்டு திறந்திருக்கிற நேரத்த எழுதிக்கிட்டேன். கயிறு 50 மீட்டர் சொல்லியாச்சு. வளைவு இடமெல்லாம் போயிடுச்சு, 2 தீவு முனை, 2 துறை, 1 உள்வளைவு, எல்லாத்துக்கும் ஒரு மாத்து இடமும் குறிச்சாச்சு. ஒரே ஒரு சந்தேகம், அந்த ரெண்டாவது தீவோட கீழ் முனைல சேட்டிலைட் படத்துல தண்ணி வெளிர் பழுப்பா தெரியுது, மத்த இடமெல்லாம் கரும்பச்சை. அது திட்டா?

சேத்துக்கால்:
திட்டாதான் இருக்கும். படம் எடுத்த தேதி பாருங்க, ஒரு வெள்ளம் வந்து போயிருந்தா இடம் மாறியிருக்கும். முனைக்கு நேரா போகாம கீழ 200 மீட்டர் தள்ளி திரும்பி, எஞ்சின பாதி தூக்கி வெச்சுக்கிட்டு மெதுவா மேல ஏறுங்க, மச்சான மூக்குப் பக்கம் ஒரு கம்போட நிக்க விட்டு ஆழத்த சத்தமா சொல்லிக்கிட்டே வரச் சொல்லுங்க. பின்னாடி நங்கூரம் போடச் சொன்னதுக்கு அதுதான் தண்டனை.