எஸ்ஏபி: டெஸ்ட்ல ஓடுது, ப்ரொடக்ஷன்ல "நோ ஆத்தரைசேஷன்"

கேள்வி:
எங்க கம்பெனி எஸ்ஏபி சாஃப்ட்வேர்ல பர்ச்சேஸ் யூசர் ஒருத்தருக்கு 1100 பிளான்ட்டுக்கு ஏற்கனவே ரோல் (அனுமதிங்களோட தொகுப்பு) இருக்கு, இப்போ 1200-க்கும் பிஓ (பர்ச்சேஸ் ஆர்டர்) போடணும்னு புதுசா ஒரு ரோல் குடுத்தோம். பிஓ போடுற ஸ்க்ரீன் எம்ஈ21என்-ல 1100 போட்டா போகுது, 1200 போட்டா ஆத்தரைசேஷன் இல்லைன்னு எரர். டெஸ்ட்ல இதே ரோல் சூப்பரா ஓடுது. எஸ்யு53 (ஃபெயில் ஆன அனுமதி செக்கை காட்டுற ஸ்க்ரீன்) எடுத்து அனுப்ப சொன்னேன், அதுல எஸ்_ஏஎல்வி_எல்ஏஒய்ஓ-ன்னு எதோ லேஅவுட் ஆப்ஜெக்ட் (செக் பண்ற அனுமதியோட பேர்) காட்டுது, பிளான்ட் பத்தி ஒண்ணுமே இல்ல. அதை ஆட் பண்ணிடவா?

பதில் 1:
அவசரம்னா எல்லா அனுமதியும் தர்ற எஸ்ஏபி_ஆல் ப்ரொஃபைலை ஒரு மணி நேரம் குடுத்துட்டு எடுத்துடுங்க பாஸ், வேலை முடிஞ்சிடும்.

பதில் 2:
மேல சொன்னதை ப்ரொடக்ஷன்ல செஞ்சிடாதீங்க ப்ளீஸ். ஆடிட்ல மாட்டுறது ஒரு பக்கம், எல்லாத்தையும் தொறந்து விட்டா எது இல்லாம நின்னுச்சுன்னே தெரியாது, எடுத்ததும் திரும்ப அதே எரர் வரும். எஸ்யு53-ஐ அப்படியே நம்பாதீங்க. ஃபெயில் ஆன செக்கை காட்டுறது மட்டும்தான் அதோட வேலை, யூசரை நிறுத்தினது அதுதானான்னு அதுக்கு தெரியாது. லேஅவுட்டை எல்லாருக்கும் பொதுவா சேவ் பண்ற பட்டனை காட்டலாமா வேண்டாமான்னு பாக்க ப்ரோக்ராமே அந்த ஆப்ஜெக்டை செக் பண்ணும், ஃபெயில் ஆனாலும் சத்தமில்லாம அடுத்த வேலைக்கு போயிடும். அதை விட்டுட்டு அனுமதி செக் எல்லாத்தையும் பதிவு பண்ற எஸ்டிஆத்ட்ரேஸ் ஆன் பண்ணி அந்த யூசருக்கு மட்டும் ஃபில்டர் போட்டு திரும்ப செய்ய சொல்லுங்க. பழைய ட்ரேஸான எஸ்டி01 போட்டீங்கன்னா நீங்க லாகின் பண்ணியிருக்க சர்வர்ல மட்டும்தான் ட்ரேஸ் எடுக்கும், யூசர் வேற சர்வர்ல இருந்தா காலியா வரும். ரிட்டர்ன் கோடை பாருங்க. 4-னா ஆப்ஜெக்ட் யூசர்கிட்ட இருக்கு, வேல்யூ பத்தல. 12-னா அந்த ஆப்ஜெக்டே யூசரோட பஃபர்ல (லாகின்ல ஏறின அனுமதி லிஸ்ட்) இல்ல.

கேட்டவர்:
ட்ரேஸ்ல வந்தது இது: எம்_பிஈஎஸ்டி_டபிள்யூஆர்கே (பிஓ-ல பிளான்ட்டை செக் பண்ற ஆப்ஜெக்ட்), ஆக்டிவிட்டி 01 (புதுசா உருவாக்க), பிளான்ட் 1200, ரிட்டர்ன் கோட் 4. ஆனா ரோல் உருவாக்குற பிஎஃப்சிஜி-ல ரோலை தொறந்தா 1200 தெளிவா இருக்கு, ப்ரொஃபைலும் (ரோல்ல இருந்து உருவாகுற அனுமதி லிஸ்ட்) ஜெனரேட் ஆகி பச்சையா இருக்கே, லாக் ஆஃப் பண்ணி வந்தும் பாத்தாச்சு.

பதில் 3:
4 வர்றது பழைய ரோலால, அதுல 1100-ஓட அதே ஆப்ஜெக்ட் இருக்கு இல்லையா. புது ரோல் யூசர்கிட்ட போய் சேரவே இல்லைன்னு தோணுது. யூசர் விவரம் இருக்கிற எஸ்யு01-ல ரோல்ஸ் டேபோட நிக்காம ப்ரொஃபைல்ஸ் டேபையும் பாருங்க, புது ரோலோட ப்ரொஃபைல் அங்க இருக்கா? ரோலுக்கு ஸ்டார்ட் டேட் வரப்போற தேதியா போட்டிருந்தீங்களா?

கேட்டவர்:
ஆமாங்க, ஒண்ணாம் தேதியிலிருந்துன்னு முன்கூட்டியே போட்டு வெச்சோம், டெஸ்ட்ல மட்டும் அன்னிக்கே குடுத்தோம். ப்ரொஃபைல்ஸ் டேப்ல பழசு மட்டும்தான் இருக்கு!

பதில் 3:
அப்போ அதேதான். வரப்போற தேதி போட்ட ரோல் அந்த நாள் வந்ததும் தானா உள்ள வராது, பிஎஃப்சிஜி_டைம்_டிபென்டன்சி ஜாப் ராத்திரி ஓடி ப்ரொஃபைலை யூசர் மாஸ்டர்ல ஏத்தணும். ஜாப் லிஸ்ட் காட்டுற எஸ்எம்37-ல அந்த ஜாப் எப்படி இருக்குன்னு பாருங்க. இப்போதைக்கு அதே வேலையை கையால செய்ற பிஎஃப்யுடி-ல அந்த ரோலுக்கு கம்பேர் ஓட்டிட்டு யூசரை திரும்ப லாகின் பண்ண சொல்லுங்க.

கேட்டவர்:
கம்பேர் ஓட்டினதும் பிஓ போயிடுச்சு, ரொம்ப நன்றி. ஜாப் தினமும் கேன்சல் ஆகியிருக்கு. வேலைய விட்டு போன ஒருத்தர் ஐடில ஸ்டெப் போட்டு வெச்சிருக்காங்க, அந்த ஐடி லாக் ஆனதிலிருந்து ஓடவே இல்ல.

பதில் 2:
சிஸ்டம் டைப் யூசர் (ஆளுங்க லாகின் பண்ணாத, ஜாப் ஓட்டுற ஐடி) ஒண்ணு உருவாக்கி ஜாபை அதுக்கு மாத்துங்க. லாக் பண்ணின மத்த ஐடிங்க பேர்லயும் ஜாப் ஏதாவது தொங்குதான்னு எஸ்எம்37-ல ஒரு தடவை தேடிடுங்க, கண்டிப்பா இன்னும் ரெண்டு மூணு சிக்கும்.