முதல் வீடு பார்க்கப் போன கதை: சேலத்துக்காரர்கள் வந்து சொல்லுங்கள்

அஸ்தம்பட்டிவாசி:
மூக்கனேரிக்குப் பக்கத்தில் ஒரு பழைய தனி வீடு, விலை 28 லட்சம். கையில் இருந்தது ஏலச்சீட்டு எடுத்த பணமும் வீட்டுக்காரி மாசாமாசம் போட்டு வந்த ஆர்டியும்தான். 30 லட்சம் வரைக்குமான கடனென்றால் வங்கி 90 சதவீதம் வரை தரலாம், அதனால் 2,80,000 இருந்தால் போதும் என்று நிறையப் பேர் கணக்குப் போடுகிறார்கள். பத்திரச் செலவு அதில் வராதுங்க. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், அதுவே இரண்டரை லட்சம், அரசு குறித்து வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பு விலையைவிடக் கூட இருந்தால் அதன் மேல்தான் கணக்கு. இதை நம் கையிலிருந்துதான் கட்ட வேண்டும்.

வில்லங்கச் சான்று, அதாவது சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமான விவரம், 30 வருஷத்துக்குப் போட்டுப் பார்த்தோம், சிக்கல் ஒன்றும் இல்லை. பட்டா விற்பவர் பேரில். வக்கீலும் சரி என்றுவிட்டார். புரோக்கர் வேறு இன்னொரு பார்ட்டி நிற்கிறது, இன்றைக்கே அட்வான்ஸ் போடுங்கள் என்று நச்சரித்தார். என் மாமனார் கொத்தனார், அவர் பத்திரத்தைப் பார்க்கவே இல்லை, நேராக ஹாலுக்குள் போய்க் குனிந்து உட்கார்ந்துவிட்டார். சுவரில் முழங்கால் உயரத்துக்கு மட்டும் பெயிண்ட் புதுசு, மேலே பழைய சாயம். வண்டிச் சாவியால் லேசாகக் கீறினார். பூச்சு பொலபொலவென்று கொட்டியது, உள்ளே வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. பின்கதவின் அடிப்பலகையும் ஊறி உப்பியிருந்தது. புரோக்கர் அது பாத்ரூம் லீக்கேஜ் என்றார், ஆனால் பாத்ரூம் இருப்பது எதிர்ப்பக்கம்!

வெளியே வந்து குழாயடியில் நின்ற அக்காவிடம் கேட்டேன். "ஐப்பசி மழைக்கு அப்புறம் வந்து பாருங்க தம்பி, வாசல்ல தண்ணி நிக்கும், ஏரி ரொம்பினா உள்ளயே வந்துரும்"னு சொன்னார். எந்த வில்லங்கச் சான்றிலும் இது வராது. அட்வான்ஸ் கொடுக்காமல் திரும்பிவிட்டோம். வெயில் காலத்தில் வீடு பார்ப்பவர்கள் இடம் பிடித்திருந்தாலும் ஒரு மழைக்காவது காத்திருங்கள், விற்பவர் அவசரப்படுத்தினால் இன்னும் நல்லாக் காத்திருங்கள்.

அம்மாபேட்டைக்காரன்:
வில்லங்கத்தில் பதிவானது மட்டும்தான் தெரியும். பதியாத உயிலோ வாய்ப்பேச்சுப் பாகமோ அதில் வராது. நாங்கள் பார்த்த வீட்டில் தாய்ப்பத்திரம், அதாவது சொத்தின் பழைய மூலப் பத்திரம், தாத்தா பேரில், விற்க வந்தவர் பேரன். வாரிசுச் சான்றிதழ் கேட்டால் நாளைக்கு நாளைக்கு என்று இழுத்தார், கடைசியில் கொண்டு வந்து கொடுத்ததில் ஈரோட்டில் கட்டிக்கொடுத்த ஒரு தங்கச்சி பேரும் இருந்தது. "அவளுக்குச் சீர் செஞ்சாச்சுங்க, கேக்க மாட்டா" என்றார். சீர் வேறு, பங்கு வேறுங்க. 2005 இந்து வாரிசுரிமைச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு உண்டு, கல்யாணம் ஆகியிருந்தாலும்தான். அந்தத் தங்கச்சி தன் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிந்து கொடுத்த பிறகுதான் நாங்கள் அக்ரிமெண்ட் போட்டோம். விற்பவருக்கு எங்கள் மேல் இன்னும் கோபம், இருக்கட்டும்.