4000 எம்பி3, 180 சிடி, 90 கேசட்: எந்த ஃபார்மேட்டில், எதில் வைப்பது?

தெப்பக்குளம்_மேற்கு:

வணக்கம். புதிதாக வாங்கிய போனில் மெமரி கார்டு போட இடமே இல்லை. அதனால் பாட்டு கேட்க மட்டும் மைக்ரோ எஸ்டி போடுகிற ஒரு சின்ன பிளேயர் வாங்கிவிட்டேன். இப்போது அதில் என்ன போடுவது என்று குழப்பம்.

கையில் இருப்பது இவ்வளவு. சினிமாப் பாட்டு ஆடியோ சிடி 180. ஒரு வட்டில் நூறு, நூற்றைம்பது பாட்டை அடைத்து விற்பார்களே, அந்த எம்பி3 சிடிகளிலிருந்து எடுத்தது 4000 பாட்டு, எல்லாம் 128 கேபிபிஎஸ் (நொடிக்கு 128 கிலோபிட்). அப்புறம், அப்பா கோயில் திருவிழாக் கச்சேரிகளில் மேடை ஓரம் உட்கார்ந்து பதிவு செய்த கேசட் 90. பிளேயர், கார் யுஎஸ்பி, மனைவியின் ஐபோன் மூன்றிலும் ஓட வேண்டும்.

எல்லாவற்றையும் ஃபிளாக்காக, அதாவது தரம் இழக்காமல் சுருக்கும் ஃபார்மேட்டாக, மாற்றினால் தரம் ஏறுமா? 128 ஜிபி போதுமா? ஒரு தளத்தில் 1 டிபி கார்டு அதைவிட மலிவாகக் கிடக்கிறது, வாங்கலாமா?

பழைய_வாக்மேன்:

அந்த 4000-ஐத் தொடாதீர்கள். எம்பி3 ஆக்கும்போதே காதுக்கு அவ்வளவாகத் தெரியாது என்று கணக்குப் போட்டு நிறையத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள், எறிந்தது திரும்பி வராது. அரை டம்ளர் காபியை அண்டாவில் ஊற்றினால் அண்டா காபி ஆகிவிடுமா? ஐந்து நிமிடப் பாட்டு 5 எம்பியிலிருந்து 20, 30 எம்பியாக வீங்கும், அவ்வளவுதான். நம்பிக்கை இல்லையென்றால் சத்தத்தின் அதிர்வெண்களைப் படமாகக் காட்டும் ஸ்பெக் என்கிற இலவச மென்பொருளில் ஒரு பாட்டைத் திறந்து பாருங்கள், 128-இல் பெரும்பாலும் 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே கத்தரியால் வெட்டியதுபோல் வெறுமையாக இருக்கும். ஃபிளாக்காக மாற்றிவிட்டுத் திறந்தாலும் அதே வெட்டு. அந்தப் படத்தின் சிடி உங்கள் 180-இல் இருந்தால் சிடியிலிருந்தே எடுத்துவிட்டு எம்பி3-யை அழித்துவிடுங்கள்.

சிடிகளை மட்டும் ஃபிளாக்கில் எடுங்கள். சிடி என்பது 1411 கேபிபிஎஸ், நிமிடத்துக்குப் பத்து எம்பி. ஃபிளாக் ஒரு துளியும் இழக்காமல் அதைப் பாதி, அல்லது பாதிக்குக் கொஞ்சம் மேலே சுருக்கும். வட்டுக்கு 300 எம்பி வைத்தால் 180-க்கு 54 ஜிபி, உங்கள் எம்பி3 ஒரு 20 ஜிபி, கேசட் 35 ஜிபி. 128-க்குள் பிதுங்கிக்கொண்டு அடங்கும். 256 என்றால் நிம்மதி.

ஆனால் இதெல்லாம் வீட்டு ஹார்டு டிஸ்க்கில் இருக்க வேண்டிய மூலம், அதற்கு இன்னொரு டிஸ்க்கில் நகலும் வேண்டும். பையில் கொண்டுபோவது வேறு. காருக்கு ஃபூபார்2000 என்கிற மென்பொருளில் மொத்தமாகப் போட்டு, லேம் என்கிற எம்பி3 மாற்றியின் வி2 தர அளவில் எம்பி3 எடுங்கள், சராசரி 190 கேபிபிஎஸ் வரும், டயர் சத்தத்தில் அதற்கு மேல் எதற்கு. ஐபோனின் மியூசிக் ஆப் ஃபிளாக்கை ஏற்காது, அதற்கு ஏஏசி என்கிற ஃபார்மேட்டில் 256 கேபிபிஎஸ். ப்ளூடூத் ஹெட்செட்டில் கேட்பவர் என்றால் அது எப்படியும் வழியில் இன்னொரு முறை சுருக்கித்தான் அனுப்பும், ஃபிளாக் போட்டேன் என்று மனசு ஆறிக்கொள்ளலாம்.

கார்டு_பட்டவன்:

1 டிபி மலிவு என்று போய்விடாதீர்கள், நான் பட்டவன். பார்க்க அச்சு அசல், கணினியிலும் 1 டிபி என்றே காட்டியது. 200 ஜிபி ஏற்றினேன், எல்லாக் கோப்பும் பெயரோடு, அளவோடு வரிசையாக நின்றது. ரயிலில் உட்கார்ந்து போட்டால் முதல் சில ஆல்பம் சரி, அதற்கப்புறம் ஒவ்வொரு பாட்டும் கிர்ரென்று ஒரு சத்தம், மௌனம், அடுத்த பாட்டுக்குத் தாவல். உள்ளே உண்மையில் இருந்தது 32 ஜிபி. மீதிக்கு இடம் இருக்கிறது என்று பொய் சொல்லிவிட்டு எழுதியதையெல்லாம் காற்றில் விட்டிருக்கிறது.

எங்கே வாங்கினாலும் முதல் வேலையாக எச்2டெஸ்ட்டபிள்யூ என்கிற சோதனை மென்பொருளை ஓட்டுங்கள், லினக்ஸ் என்றால் எஃப்3. கார்டு முழுக்க எழுதித் திரும்பப் படித்துப் பார்க்கும்.

கார் விஷயம் ஒன்று. பல கார் ஸ்டீரியோக்கள் ஃபேட்32 என்கிற பழைய முறையில் ஃபார்மேட் செய்த பென் டிரைவ்தான் கேட்கும். விண்டோஸின் வழக்கமான ஃபார்மேட் பெட்டியில் 32 ஜிபிக்கு மேல் அந்தத் தேர்வே வராது, ரூஃபஸ் என்கிற மென்பொருளில் செய்துகொள்ளலாம். சில ஸ்டீரியோ பெயர் வரிசையைப் பார்க்காமல் நீங்கள் எந்த வரிசையில் நகலெடுத்தீர்களோ அந்த வரிசையிலேயே பாடும். தமிழில் பெயர் வைத்தால் என் வண்டியில் எல்லாம் கட்டம் கட்டமாகத்தான் தெரிகிறது.

தம்புரா_சத்தம்:

எல்லாரும் சினிமாப் பாட்டிலேயே நின்றுவிட்டீர்கள், இவரிடம் இருக்கிற பொக்கிஷம் அந்த 90 கேசட். சிடி போனால் இன்னொன்று தேடலாம், அது போனால் போனதுதான். அதை முதலில் செய்யுங்கள் சார்.

கேசட்டைப் பிளேயரில் போடுவதற்கு முன் நடுவில் செம்புத் தகட்டின் மேல் அந்தச் சின்னப் பஞ்சு இருக்கிறதா பாருங்கள். பழசில் பசை காய்ந்து விழுந்திருக்கும். அது இல்லாமல் டேப், ஒலியைப் படிக்கிற ஹெட்டில் அழுந்தாது, சத்தம் கம்பளிக்குள்ளிருந்து வருவதுபோல் வரும். பஞ்சு இருந்தும் அப்படி வந்தால் ஹெட்டுக்குப் பக்கத்துத் திருகைக் கால் சுற்றுக்கும் குறைவாக இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பிப் பாருங்கள், மிருதங்கத்தின் வலந்தலை பளிச்சென்று கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள். ஒவ்வொரு கேசட்டுக்கும் அந்த இடம் மாறும்.

அடுத்தது சுருதி. பதிவு செய்த டெக் (கேசட் கருவி) ஒன்று, இப்போது ஓட்டுகிற டெக் வேறு. வேகம் ஆறு சதவீதம் கூடினால் ஒரு கட்டையில் பாடியவர் ஒன்றரைக் கட்டைக்கு ஏறிவிடுவார். அடாசிட்டி என்கிற ஒலி மென்பொருளில் வேகத்தை மாற்றிச் சரிசெய்யலாம், ஆனால் சரிசெய்யாத மூலத்தையும் தனியாக ஃபிளாக்கில் வைத்திருங்கள்.

பாட்டு பாட்டாக வெட்டும்போது எம்பி3 ஆக்கினால் ஒவ்வொரு கோப்பின் முன்னும் பின்னும் ஒரு துளி மௌனம் ஒட்டிக்கொள்ளும். சில பிளேயர்கள் அதைத் தாண்டத் தெரியாதவை. சினிமாப் பாட்டில் தெரியாது. கீர்த்தனை முடிந்து தனி ஆவர்த்தனம் தொடங்கும் இடத்தில் வெட்டிவிட்டீர்கள் என்றால் தாளம் போடுகிற கை அந்தரத்தில் நிற்கும். ஃபிளாக்கில் இந்தத் தொல்லை இல்லை. எம்பி3தான் வேண்டும் என்றால் கேசட்டின் ஒரு பக்கத்துக்கு ஒரே கோப்பாக விட்டுவிடுங்கள்.

தெப்பக்குளம்_மேற்கு:

எல்லாருக்கும் நன்றி. 256 ஜிபி வாங்கி சோதனை ஓட்டிவிட்டிருக்கிறேன், இன்னும் மூன்று மணி நேரம் என்கிறது.

முதல் கேசட்டைத் திறந்தால் பஞ்சு நிஜமாகவே உள்ளே உருண்டுகொண்டிருந்தது. வேறொரு கேசட்டிலிருந்து கழற்றி வைத்து ஓட்டினேன். பக்கத்து அறையிலிருந்து அப்பா எழுந்து வந்து, “இவர் இவ்வளவு மேலே பாட மாட்டாரே, யார் இது?” என்றார். அரைக் கட்டை இறக்கிப் போட்டதும் உட்கார்ந்துவிட்டார். அந்தப் பக்கம் முடிகிற வரைக்கும் என்னைப் பேச விடவில்லை.